பெரியப்பா செருப்பில் ஒரு கல்

ஆதிச்சநல்லூருக்குப் போகிற புத்திசாலிகள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோவார்கள். நான் புது ஷூ போட்டுக்கொண்டு போனேன். "உள்ள ஃபோம் சார், பஞ்சு மெத்தை!" என்று சத்தியம் செய்திருந்தார் கடைக்காரர்.

கூட வந்தவர் பெரியப்பா. வயது 68, காலில் பழைய ரப்பர் செருப்பு.

114 ஏக்கர் பரம்பு. 1876-ல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் தோண்டிய இடம். பிறகு அலெக்ஸாண்டர் ரீ வந்தார். நான் கண்ணாடித் தரைக்குக் கீழே இருந்த தாழிகளைப் பார்ப்பதற்குள், முன்பாதம் எரிய ஆரம்பித்துவிட்டது.

"என்னல, நொண்டிக்கிட்டு வாற?"

"மெத்தை குத்துது பெரியப்பா."

குற்றவாளி மெத்தை அல்ல, அதன் மேலிருந்த ரெக்ஸின். அது வியர்வையைக் குடிக்காது. காய்ந்த பாதம் லேசாக வழுக்கும். நசநசத்த பாதம் ஒட்டிக்கொள்ளும். மேல்தோல் ஷூவோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் முன்னும் பின்னும் போய்வரும். நடுவில் மாட்டுகிற தோலடுக்கு இழுபட்டுப் பிரிந்து நீர் கோத்தால், அதற்குப் பெயர் கொப்புளம். லெதர் அட்டை என்றால் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சும், பழகப் பழகக் காலுக்குப் படியும். மட்டமான ஃபோம் சில மாதத்தில் அமுங்கி அப்பளமாகிவிடும். ஷூ வாங்கும்போது மெத்தென்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கிறோம். உள்ளே போர்த்தியிருப்பது என்ன என்று யார் பார்க்கிறோம்?

பஸ் ஸ்டாப்பில் பெரியப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு சரளைக்கல். உள்ளங்காலில் ரத்தம்.

"வலிக்கலையா?"

"எங்கல?" என்றார் நிஜமாகவே.

பதினெட்டு வருஷச் சர்க்கரை. நரம்பு மரத்துவிட்டது.

இதே விஷயத்தைத்தான் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் கண்டார். நோயே சதையைத் தின்கிறது என்று ஊர் நம்பிய காலம். இல்லை, வலி தெரியாததால் அழுத்தமும் உராய்வும் செய்கிற வேலை என்றார் அவர். வேலூரிலும் பக்கத்துக் காரிகிரியிலும் அதற்கென்றே செருப்புகள் செய்து பார்த்தார்கள். அப்படிப் பரவியதுதான் எம்.சி.ஆர். செருப்பு. மேலே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மைக்ரோ செல்லுலார் ரப்பர், எடையைப் பாதம் முழுக்கப் பங்கிட. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். கால் நழுவி உராயாமலிருக்கக் குதிகாலில் வார். ஆணி மட்டும் கூடாது. இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது இதைத்தான்.

பெரியப்பாவுக்கும் எழுதித் தந்தார்கள். "ஆஸ்பத்திரிச் செருப்பு" என்று முகம் சுளித்தார். போட்டுக்கொண்டார். இப்போது தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் மாட்டுவதில்லை.

என் கொப்புளம் நாலு நாளில் ஆறியது. நாலு நாளும் என்னைத் தூங்கவிடாமல் கத்தியது. பெரியப்பாவின் புண் ஆற இரண்டு மாதம். அது ஒரு வார்த்தை பேசவில்லை.

கத்துகிற காலே மேல், சார்.