சங்கிலியை அவிழுங்கள், மூக்குக்கு வேலை கொடுங்கள்!

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை. காலை 6 மணி. ஒரு பெரிய அல்சேஷன் நாய் முன்னால் பாய்கிறது. கயிற்றைப் பிடித்தபடி பின்னால் எஜமானர், பாதி நடை, பாதி ஓட்டம். எதிரே வந்த பெரியவர் பயந்து போய் ஒதுங்கி, புல்லில் ஏறி நிற்கிறார். "ஒண்ணும் பண்ணாதுங்க! சும்மா வாங்க!" என்று எஜமானர் மூச்சு வாங்கச் சொல்கிறார்.

ஒண்ணும் பண்ணாது என்று யார் உத்தரவாதம்? நாயிடம் கேட்டுச் சொன்னாரா?

பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் அடுக்குமாடி வீடுகளில் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. பனி மலையில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாய், பத்தடி பால்கனியில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கொண்டு நிற்கிறது. எஜமானரும் அம்மாவும் வேலைக்குப் போய் விடுகிறார்கள். பகல் முழுக்கக் குரைப்பு. செருப்பு, சோபா, மிதியடி எல்லாம் துண்டு துண்டு. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். "எங்கள் நாய் ரொம்ப முரடுங்க" என்று பேச்சு முடிகிறது.

முரடு இல்லை. அதற்கு வேலை இல்லை. சும்மா கிடக்கிற மனுசனுக்கே கிறுக்குப் பிடிக்கும்போது, நாய்க்குப் பிடிக்காதா?

2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. ஊரே கொதித்தது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், 23 இன நாய்களுக்குத் தடை போடச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. அன்று முதல் எந்த இனம் ஆபத்து, எந்த இனம் சாது என்றே விவாதம் நடக்கிறது. நாயை வாங்கியவருக்கு வளர்க்கத் தெரியுமா என்ற கேள்வியை மட்டும் யாரும் உரக்கக் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் கோவைதான். காரணம் போத்தனூர்.

போத்தனூரில் ரெயில்வே பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. ரெயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை மோந்து கொண்டே போகும் நாய்களைத் தினமும் ரெயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வெடிப்பொருள் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கேரளா போகும் ரெயில்களில் பைக்குள் பை வைத்துக் கடத்தும் கஞ்சாவைக் காட்டிக் கொடுப்பது இன்னொரு வேலை. 1998 பிப்ரவரி 14-ந் தேதி நடந்த தொடர் குண்டு வெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. மோப்ப நாயின் அருமையைக் கோவைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாய் எப்படிப் படிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கஞ்சா நாய்க்குக் கஞ்சாவைக் கொடுத்தே பழக்குகிறார்கள் என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிற ஆட்கள் உண்டு. சுத்தக் கட்டுக்கதை! நாய்க்குக் கஞ்சாவும் வேண்டாம், வெடி மருந்தும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஒரு ரப்பர் பந்து. இந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், விளையாட்டு கிடைக்கும் என்று குட்டியிலேயே மனதில் பதிய வைத்து விடுகிறார்கள். பிறகு அது பந்தைத் தேடுகிற ஆசையில்தான் ரெயில் பெட்டி முழுவதையும் சலிக்கிறது. வெடிப்பொருள் இருந்தால் பிறாண்டக் கூடாது, பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அதுவும் பாடம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. முக்கியமானது அதுதான். போலீஸ் நாயோ, ரெயில்வே நாயோ, எந்த நாயும் தனியாகப் படிப்பதில்லை. அதைப் பராமரிக்கப் போகிற போலீஸ்காரரும் கூடவே மாதக் கணக்கில் பயிற்சிக்குப் போகிறார். மத்தியப் பிரதேசம் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையத்துக்கு வனத்துறை நாய்கள் போனபோதும், வனக்காவலர்கள் சேர்ந்தேதான் போனார்கள். நாய் எப்போது வாலை மாற்றி ஆட்டுகிறது, எப்போது மூச்சின் வேகம் கூடுகிறது, எப்போது சும்மா ஏமாற்றுகிறது, இதையெல்லாம் படிக்கிறவர் அந்த ஆள். பாதிப் பாடம் அவருக்கு!

வீட்டு நாய்க்கு என்ன நடக்கிறது? போர்டு மாட்டிய ஏதோ ஓர் இடத்தில் பணத்தைக் கட்டி, இரண்டு மாதம் விட்டுவிட்டு வருகிறார்கள். விடுதியில் பிள்ளையைச் சேர்க்கிற மாதிரி. திரும்பக் கூட்டி வந்ததும் நாய் இரண்டு நாள் சாதுவாக இருக்கிறது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி! பயிற்சியாளர் சொன்னால் உட்காருகிறது. எஜமானர் சொன்னால் கொட்டாவி விடுகிறது. எப்படிக் கேட்கும்? படித்தது நாய். படிக்காதவர் எஜமானர்.

அந்த இரண்டு மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதையும் கேட்க வேண்டும். முள் பட்டை போட்டு இழுத்தார்களா? கரண்ட் ஷாக் அடிக்கும் பட்டையா? பட்டினி போட்டார்களா? அடித்துப் பழக்கிய நாய் அடங்கித்தான் இருக்கும், பயம் இருக்கிற வரையில். போர்ச்சுகல் நாட்டில் 92 வீட்டு நாய்களை வைத்து ஆராய்ந்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம், தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களை விட மன உளைச்சல் அதிகம் என்று தெரிந்தது. பயந்த நாய்தான் கடிக்கும் என்பது கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி.

நாய்க்குட்டியை இனப்பெருக்கம் செய்து விற்பவருக்கு 2017-ல் மத்திய அரசு விதி போட்டது. செல்லப் பிராணிக் கடைகளுக்கு 2018-ல் விதி வந்தது. அந்த விதிகளில் பயிற்சி கொடுப்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே சேர்க்கப் போகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும். "வகுப்பில் நானும் நிற்கலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாங்க, நீங்க இருந்தா நாய் கேக்காதுங்க" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பி விடலாம். நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்து விடும்.

சரி, மூக்குக்கு வருவோம்.

மனிதன் மூக்கில் வாசனை பிடிக்கும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நல்ல மோப்ப இனங்களுக்கு 20 கோடிக்கு மேல். சாம்பார் கொதிக்கிறது என்று மனிதனுக்குத் தெரியும். உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்று நாய்க்குத் தனித்தனியாகத் தெரியும். இப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக் கொண்டு, டைல்ஸ் தரையையும் பினாயிலையும் மட்டும் மோந்து காலம் தள்ளச் சொன்னால் எப்படி? விளக்குக் கம்பத்தில் அது நின்றால் எஜமானர் வெடுக்கென்று இழுக்கிறார். மாலைப் பேப்பர் படிக்கிறவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்குகிற மாதிரிதான் அது.

அமெரிக்காவில் மோப்ப நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர் இதை யோசித்து, வீட்டு நாய்களுக்கென்றே மோப்ப விளையாட்டை உண்டாக்கினார்கள். 2017 முதல் அமெரிக்கன் கென்னல் கிளப்பே போட்டி நடத்துகிறது. அங்கே நாய் கண்டுபிடிக்க வேண்டிய வாசனைகள் என்ன தெரியுமா? சோம்பு வாசனை ஒன்று, கிராம்பு ஒன்று! காந்திபுரம் மளிகைக் கடையில் கிடைக்காத சாமான் எதுவும் இல்லை. (எண்ணெயாக வாங்கினால் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, ஓட்டை போட்ட டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். கிராம்பு எண்ணெயை நாய் நக்கக் கூடாது.)

தொடங்குவதற்கு அதுவும் வேண்டாம். ஆறு காலி அட்டைப் பெட்டி போதும். கடைக்காரர்களிடம் மலையாகக் கிடக்கிறது. ஐந்தைக் காலியாக வைத்து, ஒன்றில் வேக வைத்த கோழித் துண்டோ, முட்டையோ போட வேண்டும். வரிசையாக வைத்து விட்டு நாயை விட வேண்டும். கையைக் காட்டக் கூடாது, "அங்கே பார், இங்கே பார்" என்று சத்தம் போடக் கூடாது. அதுவே தேடிக் கண்டுபிடித்துத் தின்னட்டும். மறுநாள் பெட்டியை இடம் மாற்றலாம், நாற்காலிக்குப் பின்னால், கதவிடுக்கில் ஒளிக்கலாம். கிழட்டு நாய், நொண்டி நாய், பயந்த நாய் எதுவும் இதை ஆடலாம். தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயும் ஆடலாம். மூக்குக்குச் சாதி கிடையாது. பத்து நிமிடம் மும்முரமாக மோப்பம் பிடித்த நாய், பிறகு போய் நிம்மதியாகப் படுத்து விடுகிறது.

2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரண்டு வாரம் இப்படி மோப்பம் பிடித்த வீட்டு நாய்களை, ஒட்டி நடக்க மட்டும் பழகிய நாய்களோடு ஒப்பிட்டார்கள். மோப்ப நாய்கள் புதிய விஷயத்தை அதிக நம்பிக்கையோடு அணுகின என்று கண்டார்கள். நடந்தாலும் ஓடினாலும் அடங்காத நாய் மூக்கு வேலையில் அடங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இனி தோட்டத்துக் காரியம். கொங்குச் சீமையில் நாய் என்றால் பாதி தோட்டத்துக் காவல்தான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர் கொலை. 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொலை. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாகச் சாளையில். பயம் இருக்கத்தான் செய்யும். உடனே பெரிய நாயாகப் பார்த்து வாங்கி, புறக்கடையில் இரும்புச் சங்கிலியில் கட்டி விடுகிறார்கள். ராப்பகலாகக் கட்டியே கிடக்கிற நாய் காற்றுக்கும் குரைக்கிறது, காக்காய்க்கும் குரைக்கிறது. நிஜமாகவே ஆள் வந்தாலும் "இதுக்கு வேற வேலை இல்லை" என்று வீட்டுக்காரர் புரண்டு படுக்கிறார்.

திருட வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை, கறித் துண்டோடு வருகிறான் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். கண்டவர் போட்டதைத் தின்னாமலிருக்கப் பழக்குவதற்கு அடி உதவாது. நாய்க்குத் தெரியாத ஆள் ஒருவர் வேலி ஓரம் தின்பண்டம் நீட்ட வேண்டும். நாய் வாய் வைக்க வந்தால் கை மூடிக் கொள்ளும். நாய் விலகி எஜமானரைத் திரும்பிப் பார்த்தால், அதைவிட ருசியான ஒன்று எஜமானர் கையிலிருந்து கிடைக்கும். நீட்டும் ஆள் மாற வேண்டும், இடம் மாற வேண்டும், நேரம் மாற வேண்டும். பிறகு தரையில் கிடப்பதற்கும் இதே பாடம். நூற்றுக்கு நூறு என்று யாரும் கை அடித்துத் தர முடியாது. அரைப் பட்டினி நாயிடம் இது ஒருநாளும் பலிக்காது. வேளா வேளைக்கு அதன் தட்டில் சோறு விழ வேண்டும்.

கட்டியே போடுகிறவர்களுக்கு ஒரு சேதி. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவில், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடத்தி ஓட்டாமல் விடுவதே குற்றம் என்று எழுதியிருக்கிறது. அபராதம் முதல் தடவை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! எப்போதோ போட்ட தொகை. இன்றைக்கு அந்த 50 ரூபாய்க்கு ஒரு நல்ல சங்கிலி கூட வராது. சட்டம் நாயைக் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மாநகராட்சி மனது வைத்தால் நடக்கும். லைசென்ஸ், தடுப்பூசி என்று நாய் வளர்ப்பவரைத் தேடுகிற மாநகராட்சி, அவருக்கு ஒரு வகுப்பும் வைக்கலாம். போலீசிலும் ராணுவத்திலும் ரெயில்வேயிலும் நாயோடு உழைத்து ஓய்வு பெற்றவர்களை அழைத்தால் வர மாட்டேன் என்றா சொல்வார்கள்? வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் உள்ளே அனுமதி என்று வைத்தால் ஊசிக் கணக்கும் கூடும். பெரிய கட்டடம் வேண்டாம். வேலி போட்ட ஒரு மைதானம், ஒரு தண்ணீர்க் குழாய், கொஞ்சம் காலி அட்டைப் பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியிலிருந்து 7 வரை போதும். அதற்கு மேல் வெயில் ஏறினால் நாய்க்கு இளைக்கும், திரும்பி நடக்கையில் தார் ரோடு பாதத்தைச் சுடும்.