சேதமா, சாட்சியா?

சீன வணிகர்கள் முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசைக் காட்டினால் நம் சேகரிப்பாளர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “குத்து இல்லாத பீஸ் கிடைக்கலியா?” என்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது சேதமான காசு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நான்காம் சார்லஸ் மன்னனின் தலை பொறித்த ஸ்பானிய வெள்ளி, ஏறக்குறைய 27 கிராம். மெக்சிகோவில் அச்சாகிச் சீனத்துக்கு வந்தது. அங்கே மன்னன் தலையை யார் நம்பினார்கள்? கடைக்காரர் எடை போட்டார், தட்டி ஓசை கேட்டார், வெள்ளி சரிதான் என்று தன் எழுத்தைக் குத்தினார். அடுத்த கையிலும் அதே சோதனை. குத்திக் குத்திக் கிண்ணம்போல் குழிந்துபோன காசுகள்கூட உண்டு. மன்னனுக்கு மூக்கு போயிருக்கும். போகட்டுமே!

நாணயம் பார்த்துச் சொல்பவனை வண்ணக்கன் என்றது தமிழ். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் பெயரிலேயே அந்தத் தொழில் நிற்கிறது. அந்த மொழியில் பேசிக்கொண்டு, மன்னன் முகத்தை வரலாறு என்றும் பெயர் தெரியாத வண்ணக்கனின் எழுத்தைக் கீறல் என்றும் சொல்ல எப்படி மனசு வருகிறது?

இதைவிடக் கொடுமை, குத்துகளை உலோகம் வைத்து அடைத்து, மெருகேற்றி விற்பது. பத்துப் பேர் சோதித்துச் சொன்ன சாட்சியை அழித்துவிட்டு, ‘சுத்தமான காசு’ என்று கூடுதல் விலை வேறு கேட்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.