நாற்றங்காலில் நட்ட கற்கள்

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் ஒரு காலத்தில் நினைவுக்கு வந்தது உடையவர் சந்நிதி. ராமாநுஜர் அவதரித்த தலம் அது. 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி இரவுக்குப் பிறகு ராஜீவ் காந்தியின் படுகொலையும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொண்டது. இன்று இவ்விரண்டையும் முந்திக்கொண்டு கண்ணில் படுவன தொழிற்சாலைகளின் நெடிய மதில்களும், மதிலுக்கு அப்பால் தரிசாகிப்போன கழனிகளில் வரிசை வரிசையாக நட்டிருக்கும் வெள்ளைக் கற்களுமே.

மதில்களின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1996ல் அடிக்கல் நாட்டிய ஹூண்டாய் கம்பெனி 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006ல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு போயும் விட்டது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிஸ்ஸான் கார்கள், 2012ல் டெய்ம்லர் லாரிகள், 2013ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. வேலை வந்தது, கூலி உயர்ந்தது, டீக்கடைகள் ஓட்டல்களாயின. இதை மறுப்பவர் யாருமில்லை.

வெள்ளைக் கற்களின் கதை அப்படியல்ல. ஆலைக்காக சிப்காட் எடுத்த நிலத்துக்கு அறிவிப்பு உண்டு, விசாரணை உண்டு, இழப்பீடு உண்டு. போதுமா, போதாதா என்று கோர்ட்டில் வாதாடவும் வழி உண்டு. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபைதோறும் தீர்மானம் போட்டு வந்ததை நாடறியும். அங்கே எதிரில் நிற்பது சர்க்கார். யாரிடம் மனுக் கொடுப்பது என்றாவது தெரியும். ஆலைகளைப் பின்தொடர்ந்து வந்த மனை வியாபாரத்திலோ எதிரில் நிற்பவர் யாரென்றே கிராமத்தாருக்கு விளங்குவதில்லை.

ஒரு மனைப்பிரிவு பிறக்கும் விதம்

தரகர் ஒருவர் வருகிறார். நான்கைந்து குடும்பங்களிடம் முன்பணம் கொடுத்துப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்குகிறார். ஒரு வாரத்தில் மண் வெட்டும் இயந்திரம் வந்து வரப்புகளைச் சமன் செய்கிறது. செம்மண் கொட்டி, 'இருபதடி ரோடு' என்று பெயர் வைக்கிறார்கள். கலர் கொடிகள் பறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேன் வருகிறது, சாப்பாடு இலவசம், அன்றே பதிவு செய்தால் தங்கக் காசும் உண்டாம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இந்தப் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது எவ்வளவு பெரிய மாயம் என்பது வாங்கியவருக்கு வெகு காலம் கழித்தே தெரியவருகிறது. நகர், ஊரமைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளோ, நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவில்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை என்று வைத்தன. தலைவரின் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் தாளில் விழுந்ததால் அது சட்டமாகிவிடாது. ஆனாலும் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்தார். மின்வாரியம் இணைப்புக் கொடுத்தது. ஊராட்சி வீட்டு வரி வாங்கி ரசீதும் கொடுத்தது. மூன்று அலுவலகங்களின் ரசீதைக் கையில் வைத்திருக்கும் ஏழைக்கு அனுமதி இல்லை என்று எப்படித் தோன்றும்?

வழி எங்கே, வாய்க்கால் எங்கே?

கிராமத்தார் விழித்துக்கொள்வது பெரும்பாலும் நிலம் விற்பனையாகும்போது அல்ல. பக்கத்துக் கழனிக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது வண்டிப்பாதையின் குறுக்கே முள்வேலி நிற்கிறது; அப்போதுதான் பேச்சு எழுகிறது. மழை பெய்து, ஏரிக்கு வரவேண்டிய தண்ணீர் வராமல் தெருவுக்குள் வரும்போது கூச்சல் எழுகிறது.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி ஜில்லா என்று சொல்வார்கள். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும். அது வழிந்தால் அதற்கடுத்தது. பாலாற்றுத் தண்ணீரைக் கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. அங்கே மிஞ்சுவது செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மணிமங்கலத்தை ஒட்டிய ஏரிகளிலிருந்துதான் அடையாறு பிறக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அடைத்தால் என்ன நடக்கும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை ஏறி வந்து காட்டியது.

சட்டம் ஏரியைக் காக்கவில்லையா என்று கேட்கலாம். காக்கிறது, ஆனால் அரைகுறையாக. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சர்க்கார் புறம்போக்கு முழுவதற்கும் பொருந்தும். 2007ல் ஏரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறையின் வசமிருந்த ஏரிகளைப் பற்றியது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. கற்கள் முதலில் முளைப்பதோ இந்தச் சிற்றேரிகளின் பக்கத்தில்தான்.

இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. வரத்துக் கால்வாய்கள் எல்லாமே புறம்போக்கில் ஓடுவதில்லை. கழனிக்குக் கழனி மடை திறந்துவிடும் பழக்கத்தில், பல இடங்களில் தண்ணீர் பட்டா நிலத்தின் மேலேயே ஓடி வந்திருக்கிறது. புலப்படத்தில் அதற்குக் கோடு கிடையாது. நிலத்தை வாங்கியவர் பத்திரத்தைக் காட்டி, "என் இடம், நான் மூடுகிறேன்" என்கிறார். அவர் சொல்வது முழு நியாயமல்ல. 1882ஆம் ஆண்டின் அனுபவ பாத்தியதைச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு அனுபவித்து வந்த வழிக்கும் நீருக்கும் பாத்தியம் உண்டு. ஆனால் அதைச் சிவில் கோர்ட்டில் சாட்சி வைத்து நிலைநாட்ட வேண்டும். வழக்கு முடிவதற்குள் வீடுகள் எழுந்து கிருகப்பிரவேசமும் ஆகிவிடும்.

மேய்க்கால் நிலத்தின் கதி இன்னும் பரிதாபம். ஆடுமாடு குறைந்த ஊரில் மேய்ச்சல் தரையைக் கேட்பாரில்லை என்று எண்ணி வேலியை நகர்த்துகிறார்கள். கிராமப் பொது நிலங்களை வளைத்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி சுப்ரீம் கோர்ட் 2011 ஜனவரி 28ஆம் தேதி, ஜக்பால் சிங் வழக்கில் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. வெகு காலமாக ஆக்கிரமித்து இருப்பதும், பணத்தைச் செலவழித்துக் கட்டியிருப்பதும் சமாதானமாகாது என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஜில்லாவின் நிலக் கதை முடியாது. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கன்றி வேறெவருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் கைமாறிற்று. மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள காரணை கிராமத்து மக்கள் அதை மீட்கப் புறப்பட்டனர். 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இன்று மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்துத் திருப்தியடைகிறார். வில்லங்கமோ நூற்று முப்பது ஆண்டுக்கு முந்தியது!

கோர்ட்டும் சர்க்காரும்

விளைநிலங்கள் மனைகளாவதைத் தடுக்கக் கோரி வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பர் 9ஆம் தேதி அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. ராஜ்யமெங்கும் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. அடுத்த மாதம் 20ஆம் தேதி பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. 2009லேயே நிறைவேறியிருந்த திருத்தம் அது. ஏழு ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்தது.

2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தலாம் என்றார்கள். கெடு நீட்டப்பட்டது, மீண்டும் நீட்டப்பட்டது. பணத்தைக் கொட்டிவிட்டு நிற்கும் தொழிலாளிக்கு இது வேண்டிய நிவாரணம்தான். ஆனால் ஒரு மனை மட்டுமே விற்றிருந்த மனைப்பிரிவும் இந்த வாசலில் நுழைய முடிந்தது. தவறு செய்தவருக்கும் ஏமாந்தவருக்கும் ஒரே மன்னிப்பு என்றால், அடுத்த கல்லை நடுகிறவர் ஏன் அஞ்ச வேண்டும்?

இதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. 2016 அக்டோபரில் ஊராட்சி மன்றங்களின் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. காஞ்சிபுரம் ஜில்லாவில் கிராமங்களுக்குத் தலைவர் வந்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆட்சி. வரன்முறை மனுக்கள் குவிந்த காலத்தில், "இந்த இடத்தில் ஓடை இருந்தது" என்று எடுத்துச் சொல்ல ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இரண்டு பக்கமும் ஏழை

கிராமத்தார் எல்லோரும் ஒருமுகமாக எதிர்க்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நிலத்தை விற்றவரும் ஊர்க்காரர்தான். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, ஆளில்லாத உழவு என்று அவருக்கும் காரணங்கள் உண்டு. கிராம சபையில் எழுந்து, "நீங்கள் விற்றபோது ஓடை ஞாபகம் வரவில்லையா?" என்று ஒருவர் கேட்டால் கூட்டம் அடங்கிப்போகும். மறுபக்கம், குடிவந்தவர் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர். கடன் வாங்கி முக்கால் கிரவுண்டு வாங்கியவர். ரோடு, விளக்கு, குடிநீர் என்று அவர் ஊராட்சியின் வாசலில் வந்து நிற்கிறார். முறையான மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டதானால் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாகவும் ஒப்படைக்க வேண்டும். கள்ள மனைப்பிரிவில் தானமும் இல்லை, பூங்காவும் இல்லை. தன் பெயரில் இல்லாத ரோட்டுக்கு ஊராட்சி தார் போட முடியாது. பழைய ஊருக்கும் புது நகருக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக்காகச் சண்டை மூளுகிறது. கல்லை நட்டவர் அதற்குள் வேறு தாலூகாவுக்குப் போயிருப்பார்.

சீனத்தில் ஊகான் என்ற கடலோரக் கிராமம் 2011ல் இதே காரணத்துக்காகக் கொதித்தெழுந்தது. ஊர் நிலத்தை அதிகாரிகள் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டார்கள் என்பது புகார். கிராமத்தார் அதிகாரிகளை விரட்டி, அடுத்த ஆண்டு தாங்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 2016ல் அந்தத் தலைவர் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். நிலத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. ஆவேசத்துக்கு அடுத்த நாள் ஆவணம் வேண்டியிருக்கிறது.

நம் கிராமங்களில் சிலர் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனுவோடு நில்லாமல், 'அ' பதிவேட்டின் நகலும் புலப்படமும் வாங்கிச் சேர்க்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன சர்வே எண்ணுக்கு மனைப்பிரிவு அனுமதி உண்டா என்று எழுதிக் கேட்கிறார்கள். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்வதே குற்றம் என்பதால், அங்கேயும் புகார் போகிறது. ஜமாபந்தியில் தாலூகா கணக்குகள் வெளியே வரும்போது, தம் ஊர்ப் புறம்போக்கு சென்ற பசலியில் இருந்த அளவே இந்தப் பசலியிலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பீமன்தாங்கலில் சர்க்கார் நிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா ஏறி, நெடுஞ்சாலை இழப்பீடும் கைமாறிய விவகாரம் சி.பி.சி.ஐ.டி. வரை போனதைப் பார்த்த பிறகு, கணக்கைச் சரிபார்ப்பது வீண் வேலை என்று யாரும் சொல்வதில்லை.

2022ல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க உத்தரவு வெளியாயிற்று. எல்லை விரியும் செய்தி வந்தவுடனேயே மனை விலை ஏறுகிறது. எல்லைக்குள் எழும்பும் ஒவ்வொரு செங்கல்லையும் பார்க்க ஆள் வருவதற்குப் பல ஆண்டு பிடிக்கிறது. அந்த இடைவெளியில்தான் மண் இயந்திரங்கள் இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்கின்றன.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். அடைபட்ட கால்வாயின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் எழுதி, உட்பிரிவு எண்ணும் விடாமல் பதிவேட்டில் ஏற்றி, நகலைத் தாசில்தாருக்கும் ஒன்றிய ஆணையருக்கும் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அளவு எடுக்க சர்வேயர் வரும் நாளில் மதகுப் பக்கம் நின்று பழைய வழியைக் காட்டுவதற்கு, மடை திறந்து பழகிய கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.