கப்பல் டிக்கெட் கால் பணம், கூடுதல் கட்டணம் முக்கால் பணம்!

"ஏழு நாள், மூன்று தீவுகள், ஆளுக்கு வெறும் 699 டாலர்!" அமெரிக்காவில் சொகுசுக் கப்பல் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். படுக்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பகலில் நீச்சல் குளம், இரவில் பாட்டு, நாடகம் எல்லாம் அந்தக் காசுக்குள் அடக்கம். மயாமி போன்ற ஊரில் சுமாரான ஓட்டல் அறைக்கே ஒரு ராத்திரிக்கு நூறு, நூற்றைம்பது டாலர் கேட்பார்கள். அதோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு.

டிக்கெட் எடுத்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பம். மறுநாளிலிருந்தே இமெயில் வரும். பானப் பேக்கேஜ், இன்டர்நெட் பேக்கேஜ், சிறப்பு உணவகப் பேக்கேஜ், போட்டோ பேக்கேஜ், கரைச் சுற்றுலா, மசாஜ்... "இப்போதே வாங்கினால் தள்ளுபடி, கப்பலில் ஏறிவிட்டால் முழு விலை" என்று ஒரு மிரட்டலும் கூடவே வரும். இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஊர் திரும்பும்போது அந்த 699 டாலர் 1,700 டாலர் ஆகியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

கூடுதல் செலவு எல்லாமே தண்டம் என்று சொல்வது சோம்பேறித்தனம். எல்லாவற்றையும் வாங்குவதும் அதே சோம்பேறித்தனம்தான். இந்தப் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை இன்பத்தை விற்கவில்லை. "பில் எவ்வளவு வருமோ" என்ற சின்னப் பயத்திலிருந்து விடுதலையை விற்கின்றன. அந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலை, பயந்த பில்லை விடப் பெரிதாக இருக்கிறது. இதுதான் பிரச்னை.

லாபம் எங்கிருந்து வருகிறது?

உலகின் மிகப் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனமான கார்னிவலின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்த வருமானம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 1,650 கோடி. மீதி 850 கோடி "கப்பலில் மற்றும் இதர" என்ற தலைப்பில் வருகிறது. ராயல் கரீபியன் நிறுவனத்திலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். அதாவது பயணி கொடுக்கும் ஒவ்வொரு மூன்று டாலரில் ஒரு டாலர், டிக்கெட்டுக்கு அப்பால் போகிறது.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. டிக்கெட் விலையைக் குறைத்து வைத்து ஆளை ஏற்றிவிட வேண்டும், ஏறிய பிறகு சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான் வியாபாரம். தியேட்டரில் பாப்கார்ன் விற்கிற அதே தந்திரம். ஒரு வித்தியாசம், தியேட்டரிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். நடுக்கடலில் எங்கே போவது? எதிர்க்கடை கிடையாது.

இந்தப் "பிறகு சேர்க்கும்" பழக்கத்துக்குச் சட்டமும் கொஞ்சம் கடிவாளம் போட்டிருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கட்டாயக் கட்டணங்களை மறைத்துக் குறைந்த விலையை விளம்பரம் செய்யக் கூடாது. அதன் பிறகு பெரிய கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே விலையைக் காட்டத் தொடங்கின. நல்ல விஷயம்தான். ஆனால் பேக்கேஜ்கள் "விருப்பம்" என்ற பெயரில் இருப்பதால் அவற்றை அந்தச் சட்டம் தொடாது. அங்கே பயணி தன் மூளையைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?

பேக்கேஜ்களில் ராஜா, பானப் பேக்கேஜ். பீர், ஒயின், காக்டெயில், சோடா, ஸ்பெஷல் காபி எல்லாம் "அளவில்லாமல்". விலை கப்பலுக்குக் கப்பல் மாறும். உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஆக 94 டாலர் 40 சென்ட். ஏழு நாளுக்கு 660 டாலர் 80 சென்ட். டிக்கெட் விலைக்குக் கிட்டத்தட்டச் சமம்!

தனியாக வாங்கினால் ஒரு காக்டெயில் 14 டாலர், சேவைக் கட்டணத்தோடு 16 டாலர் 52 சென்ட். போட்ட காசு திரும்ப வர ஏழு நாளில் 40 கிளாஸ் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ்தானே என்று தோன்றலாம். ஆனால் ஏழு நாளில் மூன்று நாள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். பயணி காலையில் இறங்கிப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவார். அந்த நாட்களில் மூன்று கிளாஸ் என்று வைத்தால், மீதி நான்கு நாளும் தினம் ஏறக்குறைய எட்டு கிளாஸ் உள்ளே போக வேண்டும். இது விடுமுறையா, வேலையா?

இன்னொரு கொக்கியும் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். கணவர் குடிப்பார், மனைவி எலுமிச்சை ஜூஸோடு நிறுத்திக்கொள்வார் என்றால் 660 டாலர் 1,321 டாலர் ஆகிவிடும். அந்த எலுமிச்சை ஜூஸும், தண்ணீரும், சாதாரணக் காபி டீயும் பெரும்பாலான கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் சும்மாவே கிடைக்கும்.

சரி, தினம் காலையில் இரண்டு ஸ்பெஷல் காபி, பகலில் இரண்டு பீர், ராத்திரி ஒயின் என்று வழக்கமாகவே வாழ்கிறவருக்கு? அவருக்கு இது லாபம்தான். வாங்கட்டும். ஆனால் அவர் கப்பலுக்காகப் புதிதாக அப்படி மாறியவராக இருக்கக் கூடாது.

ஜிம் சந்தா கட்டியவர்கள் கதை

மனிதர்கள் ஏன் இந்தக் கணக்கைப் போடுவதில்லை? 2006ஆம் ஆண்டு ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மல்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க ஜிம் உறுப்பினர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் ஜிம்முக்குப் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். தன்னால் எவ்வளவு முடியும் என்பதைப் பற்றி மனிதனுக்கு எப்போதுமே ஒரு மிகையான நம்பிக்கை. பேக்கேஜ் விற்பவனுக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

இரண்டாவது காரணம், முன்பணம். டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 1998ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள். காசு கொடுக்கும்போது மனசுக்குள் ஒரு வலி இருக்கிறது. முன்பே கொடுத்துவிட்டால், அனுபவிக்கும்போது அந்த வலி தெரிவதில்லை. கப்பல் நிறுவனங்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன. அதனால்தான் ஆறு மாதம் முன்பே வாங்கச் சொல்கின்றன. கப்பலுக்குள் கையில் காசே கிடையாது, ஒரு அட்டையைக் காட்டினால் போதும். வலி இல்லாத ஊசிதான். ஆனால் ரத்தம் வெளியேறாமல் இல்லை.

"விடுமுறையில் கணக்குப் பார்க்கலாமா?"

பேக்கேஜ் ஆதரவாளர்களின் பெரிய ஆயுதம் இது. இரண்டு வருஷம் சேர்த்து வைத்துப் போகிற பயணம், அங்கே போயும் பத்து டாலர், இருபது டாலர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் நிம்மதி எங்கே? யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா?

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. பேக்கேஜ் வாங்கியவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்துவதில்லை, தலைகீழாகப் பார்க்கத் தொடங்குகிறார். வாங்காதவர் "இன்னொன்று வேண்டுமா?" என்று தன்னைக் கேட்டுக்கொள்வார். வாங்கியவரோ "இன்றைக்கு நான்குதான் ஆயிற்று, காசு வீணாகிறதே" என்று கேட்டுக்கொள்வார். வேண்டாத கிளாஸைக் குடிப்பதும், பசி இல்லாமல் சிறப்பு உணவகத்துக்குப் போய் உட்காருவதும், தூங்க வேண்டிய நேரத்தில் "இன்டர்நெட்டுக்குக் காசு கட்டியிருக்கிறோமே" என்று வீடியோ பார்ப்பதும் விடுமுறை ஆகாது. நிம்மதி வேண்டும் என்பவர் வீட்டிலேயே "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, அதற்குள் எண்ணாமல் செலவழிக்கலாம். மிச்சமானால் அது அவர் பணம். பேக்கேஜில் மிச்சமானால் அது கப்பல்காரன் பணம்.

கரையில் இறங்கினால்?

கரைச் சுற்றுலாவில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இதில் உண்மையான தங்கமும் இருக்கிறது, பித்தளையும் இருக்கிறது.

பஹாமாஸ் தலைநகர் நாசோவில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஜங்கனூ கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். பொதுக் கடற்கரை, நுழைவுக் கட்டணம் இல்லை. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டையும் பழைய நகரத் துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். இந்த மாதிரி இடங்களுக்குப் பேருந்தும் வழிகாட்டியும் சேர்த்து ஆளுக்கு அறுபது, எழுபது டாலர் கொடுப்பது, கோயில் வாசலில் இறங்கிவிட்டு கோயிலுக்குப் போக ஆட்டோ பிடிப்பது போல.

மாறாக, அலாஸ்காவின் ஜூனோவைப் பாருங்கள். அங்கே ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் மேல் இறங்கி நடக்கும் சுற்றுலா உண்டு. முந்நூறு டாலருக்கு மேல் போகும். பானப் பேக்கேஜில் பாதி! ஆனால் அந்த அனுபவத்துக்குக் குறுக்கு வழி கிடையாது, அந்த ஊரை விட்டால் பலருக்கு வாழ்நாளில் வாய்ப்பும் கிடையாது. இரண்டு வருஷச் சேமிப்பில் ஒரு பகுதி இதற்குப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. பீர் எந்த ஊரிலும் கிடைக்கும். பனியாறு கிடைக்காது.

கப்பல்காரர்கள் சொல்லும் ஒரு எச்சரிக்கையையும் அலட்சியம் செய்யக் கூடாது. கப்பல் வழியாக வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியாக ஏற்பாடு செய்தவருக்கு அது இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில், தனியார் சுற்றுலாவுக்குப் போய்த் தாமதமாக வந்த எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு 'நார்வீஜியன் டான்' கப்பல் புறப்பட்டது. அவர்கள் நாடு நாடாக அலைந்துதான் கப்பலைப் பிடித்தார்கள். ஆகவே நடக்கும் தூரம் என்றால் தனியாகப் போகலாம். பல மணி நேரப் பயணம் என்றால் கப்பல் சுற்றுலாவுக்குக் கூடக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கை வைக்கக் கூடாத இரண்டு

விந்தை என்னவென்றால், பானப் பேக்கேஜுக்கு யோசிக்காமல் 660 டாலர் கொடுப்பவர்களில் சிலர், தினசரி டிப்ஸைக் கண்டதும் சிக்கன சிகாமணி ஆகிவிடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகச் சேரும் தொகை அது. பல கப்பல்களில் வரவேற்பு மேசைக்குப் போய் அதை நீக்கச் சொல்ல முடியும். நீக்கினால் நஷ்டம் யாருக்கு? அறையைச் சுத்தம் செய்பவருக்கும், சாப்பாடு பரிமாறுபவருக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று எங்கிருந்தோ வந்து, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, வாரத்தில் ஏழு நாளும் உழைக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் வருமானத்தை டிப்ஸ் மேல் சார்ந்திருக்க வைத்தது நிறுவனத்தின் தவறு. அதற்குத் தண்டனையைத் தொழிலாளிக்குக் கொடுப்பது சிக்கனம் அல்ல, அற்பத்தனம்.

இரண்டாவது, மருத்துவ இன்சூரன்ஸ். அமெரிக்க முதியவர்களுக்கான மெடிகேர் திட்டம் நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது. கப்பல் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால் அதுவும் பயணியின் பில்லில்தான் ஏறும். நெஞ்சுவலி வந்து விமானத்தில் ஊர் கொண்டுபோக வேண்டியிருந்தால் பல்லாயிரம் டாலர் ஆகும். குடும்பமே கடனில் விழும். இதற்கு இன்சூரன்ஸ் அவசியம். கப்பல் நிறுவனம் விற்பதையே வாங்க வேண்டும் என்பதில்லை, வெளியே விற்பதோடு ஒப்பிட்டு வாங்கலாம்.

"பயத்தை விற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் மட்டும் வாங்கச் சொல்லலாமா?" என்று கேட்கலாம். பானப் பேக்கேஜும் ஒரு விதத்தில் இன்சூரன்ஸ்தான், பார் பில்லுக்கு எதிரான இன்சூரன்ஸ். ஆனால் பார் பில் யாரையும் அழித்துவிடாது. கை நீட்டாமல் இருந்தால் அது ஏறவும் ஏறாது. தாங்கக்கூடிய நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் வாங்குபவன் விற்பவனைத்தான் பணக்காரன் ஆக்குகிறான். தாங்க முடியாத நஷ்டத்துக்கு வாங்குபவன் தன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான்.

ஆகவே ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பயணி இரண்டே கேள்வி கேட்டால் போதும். இது இல்லாவிட்டால் தாங்க முடியாத நஷ்டம் வருமா? வரும் என்றால் வாங்கலாம். வராது என்றால், ஒவ்வொன்றாக, அந்தந்த நேரத்தில், பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்து வாங்குவோமா? வாங்குவோம் என்றால் அதையும் தாராளமாக வாங்கலாம். இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால் அந்த இமெயிலை அழித்துவிடலாம்.

கடல் காற்றுக்கும், மேல்தளத்தில் நின்று பார்க்கும் சூரிய அஸ்தமனத்துக்கும் இன்னும் யாரும் பேக்கேஜ் போடவில்லை. டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம். அதை முதலில் முழுசாக அனுபவிக்கலாமே!