காடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் எதற்கு?

காடை ஐந்தே வாரத்தில் கறிக்குத் தயாராகிற பறவை. எடை சுமார் 200 கிராம். அந்த வேகமும் போதாதென்று சில இடங்களில் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்குறாங்க. நோய்க்கு இல்லை, எடைக்கு!

தினமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து உள்ளே போனா என்ன ஆகும்? பறவையின் குடலில் மருந்துக்குச் சாகிற கிருமி சாகும், தாக்குப்பிடிக்கிற கிருமி பெருகும். கறியை நல்லா வேக வெச்சுச் சாப்பிடுறோம், சரி. ஆனா எச்சம் உரமா வயலுக்குப் போகுதே, தண்ணியில கலக்குதே, பண்ணையில வேலை பார்க்கிறவங்க கையில ஒட்டுதே? நாளைக்கு நம்ம வீட்டுக் குழந்தைக்கு அதே மருந்து கேட்காமல் போகலாம்.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. அங்கே யாரும் கறி சாப்பிடாம இல்லை! மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற கோலிஸ்டினை, கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்க ஒன்றிய அரசு தடை போட்டதே 2019 ஜூலையில்தான்.

சிறு பண்ணைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. அவர் வாங்குவது தைத்த மூட்டை. உள்ளே என்ன கலந்திருக்குன்னு பல நேரம் அவருக்கே தெரியாது. வளர்ச்சிக்கென்று எந்த ஆன்டிபயாடிக்கும் தீவனத்தில் சேரக் கூடாது. கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. தீவன மாதிரிகளைச் சோதித்து, முடிவை மாவட்டவாரியாகக் கால்நடை பராமரிப்புத் துறை வெளியிட வேண்டும். மருந்தில்லாமல் வளர்க்கக் கூடுதல் இடமும் சுத்தமும் வேணும். அந்தச் செலவைப் பண்ணைக்காரர் தலையில் கட்டாமல் அரசு மானியம் தரணும்.