முறிந்த வில்

குமிழ்முனைப் பேனா ஒன்றைக் கழற்றிப் பார்த்தறியாத மாணவர் இருக்கமாட்டார். அதனுள்ளே மெல்லிய கம்பியாற் சுற்றப்பட்ட சிறு வில் ஒன்று உண்டு. அழுத்தினால் அடங்கும், விட்டால் நிமிரும். விரல் நுனியில் நிற்கத்தக்க இச்சிறு பொருளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பக்கம் எழுத வேண்டுமா என வாசக அன்பர்கள் ஐயுறலாம். எழுதியே தீரவேண்டும் என்று நம்மை இருத்தி வைத்தது ஒரு மாணவனின் வினா.

நம்மிடம் பௌதிகம் பயின்று பரீட்சை எழுதி முடித்த ஒருவன், அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லத்திற்கு வந்தான். விளையாட்டுச் செய்திகளை விடாது படிப்பவன். பேச்சு எங்கெங்கோ சென்று ஒலிம்பிக் போட்டிகளில் வந்து நின்றது. அப்பொழுது அவன், "போட்டியின் நடுவிலே துப்பாக்கியின் உறுப்பொன்று முறிந்து போனால், அது சுடுபவரின் குற்றமாகுமா, சேர்?" என்று வினவினான்.

அவன் நினைவில் இருந்தது இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கதை. 2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில், பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றில் அவர் நின்றிருந்தார். வயது பத்தொன்பது. எழுபத்தைந்து நிமிடங்களில் அறுபது முறை சுடவேண்டும். பதினாறு முறை சுட்டிருந்த வேளையில் துப்பாக்கியைச் சுடுநிலைக்கு ஏற்றும் நெம்புகோல் முறிந்தது. அதனைச் சீர்செய்து அவர் தம் இடத்திற்கு மீண்டபோது நாற்பத்துநான்கு குண்டுகள் எஞ்சியிருந்தன. கடிகாரத்தில் எஞ்சியிருந்ததோ ஏறத்தாழ முப்பத்தெட்டு நிமிடங்கள். முடிவில் 575 புள்ளிகள், பன்னிரண்டாம் இடம். இறுதிச் சுற்றுக்குச் சென்ற எண்மருள் கடைசியானவர் பெற்றது 577. இரண்டே புள்ளிகள்!

வினாவிற்கு விடை கூறுமுன், ஆசிரியர்க்கே உரிய வழக்கப்படி, நாம் பாடத்திற்குள் நுழைந்துவிட்டோம். மனு பாக்கரின் துப்பாக்கியில் முறிந்தது நெம்புகோல். ஆயின் போட்டித் துப்பாக்கிகளில் முறியக்கூடிய உறுப்புக்களுள் இன்னும் சிறியது ஒன்று உண்டு. அதுதான் விசைவில். அதன் தொழிலை முதலில் அறிந்துகொள்வோம்.

பொறிமுறையால் இயங்கும் கைத்துப்பாக்கியிலே, விரல் விசையைப் பின்னிழுக்கும்பொழுது அது உள்ளேயுள்ள ஒரு கொண்டியை நகர்த்துகின்றது. கொண்டி தன் பிடியிலிருந்த சுத்தியலை விடுவிக்கின்றது. குண்டு சென்றபின் விரல் தளர்ந்ததும், விசையை முன்னிருந்த இடத்திற்கே கொண்டு சேர்ப்பது விசைவில்லின் கடமை. வில் முறிந்தால் விசை திரும்பாது, தொங்கி நிற்கும், அடுத்த குண்டு போகாது. கொண்டியைத் தாங்கும் வில் முறிந்தாலோ ஆபத்து இன்னும் பெரிது. கொண்டியின் பிடி தளர்ந்து, விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கவுங்கூடும்.

வில்லின் இயல்பை ஆராய்ந்து விதி வகுத்தவர் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1676இல் அவர் தம் கண்டுபிடிப்பை எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். 1678இல் புதிரை அவிழ்த்தார். வில் எவ்வளவு நீளுகின்றதோ அவ்வளவுக்கு அதனை இழுக்கும் விசையும் இருக்கும் என்பதே அதன் பொருள். நம் ஆய்வுகூடத்து விற்றராசு இவ்விதியை நம்பியே நிறுக்கின்றது. ஆயின் விதிக்கு ஓர் எல்லை உண்டு. மீள்தன்மை எல்லையைக் கடந்து இழுத்த வில் பழைய நிலைக்கு மீளாது. விற்றராசிலே அளவுக்கு மிஞ்சிய படியைத் தொங்கவிட்டு விளையாடிய மாணவர்கள் இதனை நன்கறிவார்கள்; அவர்களுக்குப் பின் அதே தராசைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் நன்கறிவார்கள்.

எல்லையைக் கடவாத வில்லும் ஏன் முறிகின்றது? இங்கேதான் பொருளின் வேறொரு குணம் வெளிப்படுகின்றது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்குச் சென்ற புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாள்தோறும் ஓடிய அச்சு ஒருநாள் ஏன் முறிந்தது என்ற வினா அக்காலப் பொறியியலாளரை உலுக்கிற்று. பின்னர் ஜெர்மனியில் ஓகுஸ்ற் வோலர் என்னும் புகையிரதப் பொறியியலாளர் பல்லாண்டுகள் அச்சுக்களைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை தாங்கக்கூடிய பாரத்தையே இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் உலோகம் முறியலாம் என்பதை அவர் அளந்து காட்டினார். உலோகக் களைப்பு என்று நாம் இன்று கூறுவது இதனையே.

விசைவில்லின் கதையும் இதுவே. நாளொன்றுக்கு நூறு முறை சுட்டுப் பயிலும் ஒருவர், ஆண்டில் முந்நூறு நாட்கள் பயின்றால், அவர் வில் முப்பதினாயிரம் முறை அடங்கி நிமிர்கின்றது. கம்பியின் மேற்பரப்பில் ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, குறட்டினால் வளைத்தபோது பதிந்த ஒரு வடு, இவற்றுள் ஒன்று போதும். அவ்விடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி ஒவ்வோர் அழுத்தத்திற்கும் சிறிது வளரும். பெரும்பாலும் சுருளின் உட்பக்கத்திலேதான் தகைப்பு மிகுதி. கண்ணுக்கு எளிதில் தெரியாத இடமும் அதுவே. நேற்று மாலை வரை குறையின்றி உழைத்த வில் இன்று காலை முறிகின்றது. முன்னறிவித்தல் கிடையாது.

முறிந்ததை மாற்றுவது எங்ஙனம்? அது பயின்றவர் கைக்குரிய வேலை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். போட்டிக் களமாயின், சுடுபவர் குழாயை இலக்கின் பக்கமாகவே வைத்துக்கொண்டு கையை உயர்த்தி அதிகாரியை அழைக்கவேண்டும். குண்டுறை நீக்கப்படும், அறை வெறுமையாக உள்ளதா என்பது கண்ணாற் பார்த்து உறுதிசெய்யப்படும். இதன் பின்னரே திருத்தும் பேச்சு.

திருத்துபவர் வெள்ளைத் துணியொன்றை விரித்து அதன்மேல் வேலை செய்வார். சிறு உறுப்பு வெள்ளையிலே மறையாது. கைப்பிடியைக் கழற்றி, விசையைத் தாங்கும் ஊசியை மெல்லத் தட்டி வெளிப்படுத்துவார். அடங்கியிருந்த வில் துள்ளிப் பாயும் இயல்புடையது ஆதலால், ஒளி ஊடுருவும் பையொன்றினுள் கைகளை வைத்தே இதனைச் செய்வோரும் உளர். முறிந்த துண்டுகள் இரண்டும் கிடைத்தனவா என்று பார்ப்பது அவசியம். கிடைக்காத துண்டு, பொறியின் வேறோர் இடுக்கிற் புகுந்து அடுத்த கேட்டினை விளைவிக்கும்.

புதிய வில்லைத் தெரிவதிலேதான் கணிதம் வருகின்றது. கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வில்லின் வன்மை மாறும். கம்பி பத்திலொரு பங்கு தடித்தால் வில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வன்மை பெறும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு விற்கள் விரலுக்கு முற்றிலும் வேறாக இருப்பது இதனாலேயே. ஆகவே "ஏறக்குறைய அதே வில்" என்ற பேச்சுக்கு இங்கு இடமில்லை. அந்தத் துப்பாக்கிக்கென்றே ஆக்கப்பட்ட வில்லைத்தான் பூட்டவேண்டும்.

பூட்டிய பின் குண்டின்றிப் பலமுறை இயக்கிப் பார்த்து, விசையின் பாரத்தை அளக்கவேண்டும். சர்வதேச விதிப்படி, பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராமைத் தாங்கவேண்டும். இருபத்தைந்து மீற்றர்ப் போட்டித் துப்பாக்கி 1000 கிராமைத் தாங்கவேண்டும். குழாய் மேல்நோக்க நிறுத்தி, விசையிலே எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பர். கல் தரையை விட்டு எழுந்தபின்னும் விசை விடுபடாதிருந்தால் தேர்வு. ஒரு மெலிந்த வில், திறமையான ஒருவரை ஒரு குண்டும் சுடாமலே களத்திலிருந்து வெளியேற்றிவிடலாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாணவன், "நான் கேட்டதற்கு விடை வரவில்லையே, சேர்" என்றான்.

வந்த விடை இதுவாயிற்று: "கருவியைப் பேணுவது கருவியை உடையவர் கடமை. முறிவுக்கெல்லாம் மேலதிக நேரம் கொடுத்தால், களைத்துப் போனவரும் ஓய்வு வேண்டித் துப்பாக்கியைக் கழற்றத் தொடங்குவர். எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்பதே நியாயம்." இவ்வாறு கூறி நாம் மகிழ்ந்தோம். விடை நன்றாக அமைந்துவிட்டது என்றும் எண்ணினோம்.

அவன் சிறிதுநேரம் பேசவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "எங்கள் பேருந்தும் அன்றைக்கு வழியிலே பழுதடைந்து நின்றது, சேர். பௌதிகப் பரீட்சைக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் உள்ளே போனேன்" என்றான்.

அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. அவன் மனு பாக்கரைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெறுபேறு வெளியாகியபோது, சில புள்ளிகளாற் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தவன் அவன். அன்று அவன் தந்தையாரிடம், "நேரத்தோடு புறப்பட்டிருக்க வேண்டும்" என்று நாமே கூறியிருந்தோம். அவன் புறப்பட்ட நேரம் சரியானது என்பதை இப்பொழுதுதான் கேட்டு அறிந்தோம். முன்னரே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

எனவே நம் விடையை அங்கேயே திருத்திக்கொண்டோம். விதி நியாயமானது, கடிகாரம் நிற்காதது சரியே. ஆயினும் விதி நியாயமானது என்பதனால் இழந்தவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். இவை இரண்டும் வேறு வேறு. எல்லாக் கவனமும் எடுத்தவரின் வில்லும் முறியும். களைத்த உலோகம் எவருடைய கை என்று பார்ப்பதில்லை. முறிவுக்குப் பின் எஞ்சிய முப்பத்தெட்டு நிமிடத்தில் நாற்பத்துநான்கு குண்டுகளையும் சுட்டு முடித்தாரே, அந்தப் பெண்ணை மதிப்பிட வேண்டிய இடம் அதுதான். இருபது நிமிடம் பிந்தியும் திரும்பிப் போகாமல் மண்டபத்துள் நுழைந்து எழுதினானே, இவனையும் அங்ஙனமே மதிப்பிடுதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கில், அதே பத்து மீற்றர்ப் போட்டியில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலிற் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இரண்டு நாட்களின் பின் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்புப் போட்டியிலும் வெண்கலம் பெற்றார். டோக்கியோவில் இழந்த இரண்டு புள்ளிகள் திரும்பி வரவில்லை. அவை என்றுமே வாரா. அவர்தாம் திரும்பி வந்தார்.

இன்னொருவரையும் அவனுக்கு நினைவூட்டினோம். ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் காரோய் தகாச், 1938இல் பழுதுபட்ட கைக்குண்டொன்று வெடித்ததனால், துப்பாக்கி பிடித்த வலக்கையை இழந்தார். அது மாற்றத்தக்க உறுப்பன்று. அவர் இடக்கையாற் பயின்றார். 1939இலேயே தம் நாட்டுச் சாம்பியன் ஆனார். 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் துரிதச் சுடுதற் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் அவருக்கே கிடைத்தது.

இக்கதைகள் எல்லாம் ஒருவனின் ஓராண்டு இழப்பை ஈடுசெய்துவிடும் என்று நாம் கூறவில்லை. அவனும் அன்று ஒன்றும் சொல்லாமலே விடைபெற்றான். கடந்த வாரம் மீண்டும் வந்தான். மறுமுறை தோற்றுவதற்கு விண்ணப்பித்துவிட்டதாகக் கூறி, நம்மிடமிருந்த பழைய வினாத்தாள்களைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தோம்.

"இம்முறை முதல்நாளே மாமா வீட்டிற்குப் போய்விடுவேன், சேர். அங்கிருந்து மண்டபத்திற்கு நடந்தே போகலாம்" என்றான்.

மாற்றுவில் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள அவனுக்கு நாம் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளிடம் ஏன் பிந்தினாய் என்று அதட்டுமுன், என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கத்தை நாம்தான் அவனிடமிருந்து கற்றுக்கொண்டோம்.