வாவி பாடும் இரவு

சென்ற வாரம் வகுப்பிலே ஒரு மாணவர், "ஐயா, கொழும்பிலிருந்து உறவினர் வருகிறார்கள்; நமது ஊரிலே காட்டுவதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவினார். நான் வாய் திறக்குமுன் வகுப்பு முழுவதும் "கோட்டை!" என்றது.

கோட்டை உண்டுதான். புளியந்தீவிலே 1628ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய அது பத்தே ஆண்டுகள்தாம் அவர்கள் கையில் நின்றது. 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பாடு கொண்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். நான்கு கொத்தளங்கள், இருபுறம் வாவி, இருபுறம் அகழி. பிற்காலத்தில் கச்சேரியும் அங்கேயே நடந்தது. 1814இல் இங்கு வந்து பள்ளி தொடங்கிய பாதிரியார் வில்லியம் ஓல்ட்டின் சிலையையும் காட்டலாம்.

ஆனால் நான் சொன்னது வேறு. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலே பிறந்து, இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில் நம் வாவியின் இன்னொலியை வியந்து எழுதியிருக்கிறார். நாமோ "மீன்பாடும் தேனாடு" என்று பெருமை பேசுகிறோம். அன்றைய மீனவர் அவரிடம் மீன் என்று சொல்லவேயில்லை. ஊரி அழுகிறது என்றார்கள்! சிப்பியினத்தைச் சேர்ந்த அச்சிற்றுயிரையும் எடுத்துக் காட்டினார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பறுவ இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்றேன். "சேர், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதில வைங்க" என்றார் தோணிக்காரர். வெகுநேரம் ஒன்றுமில்லை. பின்னர், கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் வருடினாற்போல ஒரு மெல்லொலி, அதனூடே இன்னொன்று. அவ்வேளை, 2013இல் திறந்த புதிய பாலத்தின்மீது ஒரு லொறி உருண்டது. ஒலி அற்றுப்போயிற்று. புதுப் பாலம் வேண்டாமென்று யார் சொல்வார்? 1924இல் கட்டிய பழைய பாலம் எவ்வளவைத்தான் தாங்கும்? ஆயினும் அந்த லொறியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வகுப்பிலே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள் என்றேன். ஒரு கையும் உயரவில்லை. வாவிக்கரையிற் பிறந்த பிள்ளைகள்!

ஏப்ரில் முதல் செப்டெம்பர் வரை, பறுவ நாளில், நள்ளிரவுக்குப்பின், இயந்திரமில்லாத் தோணியிற் செல்லவேண்டும் என்று அம்மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். உறவினர் வருவதோ தேய்பிறையில். அடுத்த பறுவம்வரை அவர்களை நிறுத்திவைக்கும் பொறுப்பை அவருடைய தாயாரிடம் விட்டிருக்கிறோம்.